சுவருக்குள் போன துறவி

கறுத்த வாசலின் கதை – பகுதி 6

கல்லில் ஒரு குழி. என் கை மணிக்கட்டு வரை உள்ளே போகிறது.

கொத்தனார் நிதானமாகச் செதுக்கிய குழி இல்லை இது. யாரோ அவசரமாகக் கொத்திப் பெயர்த்த குழி. விளிம்பெல்லாம் பிய்ந்திருக்கிறது. இரண்டு கற்கள் சேரும் இடத்தைக் குறிவைத்துக் கொத்தியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்க்கிறேன். மேலேயும் குழி. அதற்கு மேலேயும் குழி. அம்மை வடு விழுந்த முகம் போல நிற்கிறது சுவர்.

காலை வெயில் இன்னும் ஏறவில்லை. ஜெர்மனியின் ட்ரியர் நகரம். பழைய நகரத்தின் வடக்கு எல்லையில், போர்ட்டா நீக்ரா என்று உலகம் அழைக்கும் ரோமானியக் கோட்டை வாசலின் அடியில் நிற்கிறேன். லத்தீனில் அந்தப் பெயருக்குக் கறுப்பு வாசல் என்று பொருள். ரோமானியர்கள் இதை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று எதுவும் மிஞ்சவில்லை. கறுப்பு என்பது பிற்காலத்து மக்கள் இட்ட பெயர். கட்டியபோது கல் வெளிர்சாம்பல் நிறம். மழையும் புகையும் காலமும் அதைக் கரியாக்கிவிட்டன.

அகலம் 36 மீட்டர். உயரம் ஏறக்குறைய 30 மீட்டர். சுமார் 7,200 கற்கள். பெரிய கல் ஒன்று 6 டன் வரை எடை. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே இவ்வளவு முழுமையாக நிற்கும் ரோமானிய நகர வாசல் வேறு கிடையாது.

ஆனால் இந்த வாரம் நம் கதை கற்களைப் பற்றியது அல்ல. இந்தக் குழிகளைப் பற்றியது. குழி தோண்டியவர்களின் கையை நிறுத்திய ஒரு மனிதனைப் பற்றியது.

அவன் போர்வீரன் இல்லை. அரசனும் இல்லை. ஒரு கிரேக்கத் துறவி. பெயர் சிமியோன்.

* * *

இதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மோசெல் ஆற்றின் குறுக்கே ரோமானியர்கள் போட்ட முதல் பாலத்தின் மரங்கள் கி.மு. 18, 17 ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. அந்தப் பாலத்தை ஒட்டி, ட்ரெவெரி என்ற கெல்டிக் குடிகளின் நாட்டில், பேரரசர் அகஸ்டஸின் பெயரால் ஒரு நகரம் எழுந்தது. நம் கோவைப் பக்கத்துப் புதையல் பானைகளில் வெள்ளி நாணயமாகக் கிடைக்கிறாரே, அதே அகஸ்டஸ். மிளகுக்குக் காசு தந்த கைதான் இந்த நகரத்துக்கும் அடிக்கல் போட்டது.

ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து நகரத்தைச் சுற்றி 6.4 கிலோமீட்டர் நீள மதில் எழுந்தது. வடக்கு வாசலின் வயது பற்றி அறிஞர்கள் நீண்ட காலம் சண்டையிட்டார்கள். மதிலின் அடியில் கிடைத்த மரக்கட்டை ஒன்று தீர்ப்பு சொன்னது. மரத்தின் வளையங்களை எண்ணியதில், அது 169-170 குளிர்காலத்தில் வெட்டப்பட்டது என்று தெரிந்தது. 2018இல் அந்த முடிவு வெளியானது. ஆக, மார்க்கஸ் அரேலியஸ் காலத்து வேலை இது.

வேலை முடியவில்லை என்பதையும் பார்த்தோம். முகப்பின் அரைத்தூண்கள் இன்றும் கரடுமுரடாகவே நிற்கின்றன. மெருகிடும் உளி அவற்றைத் தொடவே இல்லை. கதவு சுழல வேண்டிய இடத்தில் கல் துருத்திக்கொண்டிருக்கிறது. அங்கே கதவு மாட்டியிருக்கவே முடியாது. இவ்வளவு பெரிய வாசலை எழுப்பியவர்கள், கடைசி வேலையை விட்டுவிட்டு எழுந்து போனதுபோல இருக்கிறது.

பிறகு கான்ஸ்டன்டைன் வந்தார். ட்ரியர் பேரரசர்களின் இருப்பிடம் ஆயிற்று. நூறாண்டுப் பெருவாழ்வு. ஐந்தாம் நூற்றாண்டின் வாசலில் நிர்வாகம் தெற்கே ஆர்ல் நகருக்குப் பெயர்ந்தது. பிராங்குகள் திரும்பத் திரும்பப் பாய்ந்தார்கள். நான்கு முறை நகரம் சூறையாடப்பட்டும், மிஞ்சிய பெரிய மனிதர்கள் சிலர் பேரரசரிடம் தேர்ப்பந்தய விளையாட்டு கேட்டு மனுப்போட்டார்கள் என்று சால்வியன் என்ற பாதிரியார் நெஞ்சு கொதித்து எழுதியதைச் சென்ற வாரம் படித்தோம்.

ரோம் போய்விட்டது. வாசல் நின்றது. இனி அதைக் காப்பது யார்?

* * *

காக்க யாரும் இல்லை. எடுக்கத்தான் ஆள் இருந்தது.

இந்த வாசலில் சுண்ணாம்புச் சாந்து கிடையாது. கல்லின் மேல் கல்லை வெறுமனே அடுக்கி, பக்கத்துக் கல்லோடு இரும்புக் கவ்வியால் பிணைத்தார்கள். கவ்வி பொருந்திய குழியில் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈயம் இறுகியதும் இரும்பு அசையாது, துருவும் எளிதில் ஏறாது. ரோமானியத் தச்சுக் கணக்கின் கச்சிதம் அது.

ஆட்சி இருந்த காலத்தில் சுவருக்குள் இருந்த அந்த இரும்பை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆட்சி போனபின் அது புதையல். சுரங்கம் இல்லை, வணிகப் பாதை இல்லை. ஒரு கவ்வியை உருக்கினால் கலப்பைக்குக் கொழு ஆகும், கதவுக்குக் கீல் ஆகும், கத்தி ஆகும். ஈயமோ கூரைக்கும் குழாய்க்கும் உதவும். ஏணி வைத்து ஏறினார்கள். கல் சேரும் இடத்தைத் தேடிக் கொத்தினார்கள். என் கை நுழைந்த குழி அப்படி வந்ததுதான்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பசித்த காலம். உழவனுக்கு இரும்பு வேண்டும்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. பிணைப்பைப் பிடுங்கியபின் சுவர் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. டன் கணக்கில் எடை கொண்ட கற்கள், தங்கள் பாரத்தாலேயே ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொண்டன. கவ்வி போன பிறகு இன்றுவரை இந்த வாசலைப் பெரும்பாலும் நிறுத்தி வைத்திருப்பது கல்லின் கனம்தான்.

ஆனால் இரும்புக்குப் பிறகு கல்லுக்குக் கை நீளும். எங்கும் நடந்தது அதுதான். நகரத்துக்குத் தெற்கே ஒரு வாசல் இருந்தது, கிழக்கே ஒன்று, மேற்கே பாலத்தருகே ஒன்று. போர்ட்டா மீடியா, போர்ட்டா ஆல்பா, போர்ட்டா இன்கிளிட்டா என்று அவற்றுக்கும் பெயர்கள் உண்டு. இன்று ஒன்றுகூட நிற்கவில்லை. நல்ல சதுரக் கல், செதுக்கி முடித்த கல், இலவசக் கல். வீட்டுக்கும் வேலிக்கும் ஆலயத்துக்கும் அவை வண்டி வண்டியாகப் போயின.

882ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் வடக்கிலிருந்து நார்மன்கள் வந்து ட்ரியரை எரித்தார்கள். அதன்பின் நகரம் சுருங்கியது. பழைய மதிலுக்குள் தோட்டமும் திராட்சைக் கொடியும் பரவின. வடக்கு வாசல் ஊரின் ஓரத்தில், கூரையில்லாமல், பாதி கொத்திய உடம்போடு நின்றது.

அடுத்த முறை அதுதான். சந்தேகமே வேண்டாம்.

அப்போது, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், ஒரு பாலைவனத்து மலையடிவார மடத்தில் ஒரு துறவிக்கு உத்தரவு வந்தது.

* * *

சிமியோன் சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரில், பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர். தந்தை கிரேக்கர். ஏழு வயதில் பையனைத் தந்தை கான்ஸ்டான்டிநோபிளுக்கு அழைத்துப் போனார். அங்கே படிப்பு. வளர்ந்தபின் ஜெருசலேமுக்குப் போய், யாத்திரிகர்களுக்கு வழிகாட்டியாகச் சில ஆண்டுகள் பிழைத்தார். பல மொழி பேசத் தெரியும். வழி தெரியும். அந்தக் காலத்தில் இந்த இரண்டும் தெரிந்தவனுக்கு வேலை இல்லாமல் போகாது.

ஆனால் அவர் மனம் கூட்டத்தில் ஒட்டவில்லை. யோர்தான் நதிக்கரையில் ஒரு தனிவாசித் துறவிக்குத் தொண்டு செய்தார். பெத்லகேமில் மடம் சேர்ந்தார். பிறகு சினாய் மலை. அங்கும் மடத்துக்குள் இருப்பு கொள்ளவில்லை. செங்கடல் ஓரத்தில் ஒரு குகையைத் தேடித் தனியே போய் உட்கார்ந்தார்.

ஒரு பாறை. ஒரு திறப்பு. உள்ளே அமைதி. வாழ்நாளெல்லாம் இந்த மனிதர் தேடியது இதைத்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மடத்தார் அவரை விடவில்லை. சினாய் மடத்துக்கு நார்மண்டிப் பிரபுக்கள் பொன்னும் வெள்ளியும் தருவது வழக்கம். துறவிகள் கடல் கடந்து ரூவான் நகரம் வரை போய் வாங்கி வருவார்கள். இந்த முறை அந்தப் பயணத்துக்குச் சிமியோன் பெயரைச் சொன்னார்கள்.

தனிமை கேட்டவனிடம் பாதி உலகைச் சுற்றி வரச் சொன்னார்கள். கீழ்ப்படிதல் துறவியின் விரதம். கிளம்பினார்.

வழியில் கப்பலைக் கொள்ளையர் மறித்தார்கள். சிமியோன் தண்ணீரில் குதித்து நீந்தித் தப்பினார். நடந்து நடந்து அந்தியோக்கியா போய்ச் சேர்ந்தார். அங்கேதான் கதை திரும்புகிறது.

மேற்கு ஐரோப்பாவிலிருந்து புனித நாட்டுக்கு வந்த பெரிய யாத்திரைக் கூட்டம் ஒன்று அந்தியோக்கியாவில் இருந்தது. தலைவர் வெர்டன் நகரத்து மடாதிபதி ரிச்சர்ட். அந்தக் கூட்டத்தில் இன்னொரு மடாதிபதியும் இருந்தார். எபர்வின். அவருடைய மடம் இருந்த ஊர், ட்ரியர்.

மூவரும் பழகினார்கள். சேர்ந்தே மேற்கு நோக்கி நடந்தார்கள். பெல்கிரேடில் சிமியோனை மட்டும் தடுத்து நிறுத்திவிட்டார்கள். அவர் சுற்றி வளைத்து, ரோம் வழியாகப் பிரெஞ்சு மண்ணை அடைந்தார். உடன் வந்த தோழன் வழியிலேயே இறந்துபோனான்.

கடைசியில் ரூவான். நார்மண்டிப் பிரபு ரிச்சர்டின் அரண்மனை.

பிரபு இறந்திருந்தார். 1026ஆம் ஆண்டு அவர் காலம் முடிந்துவிட்டது. புதிதாக வந்தவர்கள் கொடுக்கவில்லை.

அந்த வாசற்படியில் சிமியோனின் நிலையை நினைத்துப் பார்க்கிறேன். கடல், கொள்ளையர், சிறைவைப்பு, தோழனின் சாவு. எல்லாம் தாண்டி வந்த காரியம் ஒரு சாவுச் செய்தியில் முடிந்தது. கையில் ஒன்றும் இல்லை. திரும்பினால் அதே வழி. அந்த நேரத்தில் வடக்கு நாட்டில் அவருக்குத் தெரிந்தவர்கள் என்று இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வெர்டனில். மற்றவர் ட்ரியரில்.

பிரபு இன்னும் இரண்டு ஆண்டு உயிரோடு இருந்திருந்தால், பொன் மூட்டையோடு சிமியோன் சினாய்க்குத் திரும்பியிருப்பார். இன்று நான் கை வைத்து நிற்கும் இந்தச் சுவர் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

* * *

ட்ரியரின் பேராயர் பொப்போ, பாபன்பெர்க் என்ற பெருங்குடும்பத்தில் பிறந்தவர். 1016 முதல் அந்தப் பீடத்தில் இருந்தார். புனித நாட்டுக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. வழி தெரிந்த, மொழி தெரிந்த ஒரு துறவி தன் ஊரிலேயே வந்து தங்கியிருப்பதை அறிந்தார். சிமியோனையே வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

போனார்கள். வந்தார்கள். ஜெருசலேம் வரை போன சிமியோன் அங்கிருந்து சினாய்க்கு ஏன் போகவில்லை, பேராயரோடு ஏன் குளிர்நாட்டுக்குத் திரும்பினார்? இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். வெறுங்கையோடு மடத்துக்குப் போகக் கூசினாரா? பேராயரின் அன்பு கட்டிப்போட்டதா? மனிதர் எதையும் எழுதி வைக்கவில்லை.

திரும்பியபின் பேராயர் கேட்டார்: எங்கே இருக்க விரும்புகிறீர்கள், எதை வேண்டுமானாலும் தருகிறேன். மடங்கள் இருந்தன. ஆலயங்கள் இருந்தன.

சிமியோன் காட்டியது, ஊர் ஓரத்தில் நின்ற கறுத்த வாசலை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ட்ரியர்க்காரர்களுக்கு அது கல்குவாரி. பேராயருக்கு அது பாழடைந்த பழைய கட்டடம். செங்கடல் குகையிலிருந்து வந்தவர் கண்ணுக்கு மட்டும் அது மலையாகத் தெரிந்திருக்கிறது. ஒரு பாறை. ஒரு திறப்பு. உள்ளே அமைதி.

* * *

1030ஆம் ஆண்டு, நவம்பர் முடிவு. மோசெல் பள்ளத்தாக்கில் பனி இறங்கும் காலம்.

குருமார்களும் ஊர்மக்களும் கூடினார்கள். கிழக்குக் கோபுரத்தில் ஒரு சிறு அறை. சிமியோன் உள்ளே போனார். பேராயர் முன்னிலையில் வாசலை அடைத்துக் கட்டினார்கள். உலகத்துக்கு அவர் செத்தவர் என்பது அதன் பொருள். உணவு நீட்டவும் பேசவும் ஒரு சின்னத் திறப்பு.

அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பாருங்கள். எதிரி உள்ளே வராமல் தடுக்கக் கட்டிய கோபுரம் அது. வெளிக்கதவை உடைத்து வந்தவனை நடு முற்றத்தில் அடைத்து, நான்கு புறமும் மேலிருந்து அடிக்கும்படி கணக்குப் பார்த்துக் கட்டியது. எண்ணூற்று அறுபது ஆண்டு கழித்து, அதே கோபுரத்தில் ஒரு மனிதன் தானே நுழைந்து, வெளியே வராமல் இருப்பதற்காக அடைத்துக்கொள்கிறான்.

ஊர் முதலில் அவரைப் புனிதர் என்று கொண்டாடவில்லை. அந்நிய முகம். அந்நிய மொழி. கறுத்த பாழ் கோபுரத்தில் இரவும் பகலும் தனியாக என்ன செய்கிறான் இவன்? மந்திரவாதி என்றார்கள். ஒருநாள் கூட்டம் திரண்டு வந்து கோபுரத்தின் மேல் கல்லெறிந்தது.

அவர் வெளியே வரவில்லை. வர வழியும் இல்லை.

நாள் போகப் போகக் கல் எறிந்த கைகளே கூப்பத் தொடங்கின. நோயாளிகள் வந்தார்கள். மனக்குறை சொல்ல வந்தார்கள். திறப்புக்குக் கீழே கூட்டம் சேர்ந்தது. ஊர் ஓரமாகக் கிடந்த வாசலுக்கு மறுபடி ஆள் நடமாட்டம் வந்தது. கடப்பாரையோடு வந்தவர்கள் போய், மெழுகுவத்தியோடு வந்தவர்கள் வந்தார்கள்.

ஐந்து ஆண்டுகூட முழுசாக ஆகவில்லை. 1035 ஜூன் 1 அன்று சிமியோன் அந்த அறையிலேயே இறந்தார். அங்கேயே அவரைப் புதைத்தார்கள்.

* * *

இனி நடந்தது பொப்போவின் வேலை. அதில் பக்தியும் இருந்தது, வேகமும் இருந்தது.

அந்தியோக்கியாவில் சிமியோனைச் சந்தித்த எபர்வினே அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். நாம் இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் பெரும்பாலும் அந்த நண்பர் எழுதி வைத்ததால் தெரிந்ததுதான். பொப்போ அதை ரோமுக்கு அனுப்பினார். போப்பாண்டவர் ஒன்பதாம் பெனடிக்ட், சிமியோனைப் புனிதர் என்று அறிவித்தார். அதுவரை புனிதர் என்பதை ஊரும் அந்தந்தப் பேராயரும் முடிவு செய்வது வழக்கம். போப்பாண்டவரே முறைப்படி அறிவித்த முதல் சிலரில் ஒருவர் நம் சிமியோன்.

புனிதர் இருக்கும் இடத்தில் கடப்பாரை விழாது.

பொப்போ அதோடு நிற்கவில்லை. வாசலையே தேவாலயமாக மாற்றினார். எப்படி என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டடத்தின் வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான வேலை இல்லை.

முதலில் கீழ்த்தளத்தின் இரண்டு பெரிய வளைவு வழிகளையும் மண் போட்டு மூடினார்கள். வண்டியும் குதிரையும் போன பாதை புதைந்தது. மண்மேடாகிவிட்ட அந்தக் கீழ்த்தளத்தின் மேல், நகரப் பக்கத்திலிருந்து அகலமான படிக்கட்டு ஏறியது. முதல் மாடி பொதுமக்கள் வழிபடும் ஆலயம் ஆனது. அதற்கு மேல் மாடி, குருமார் சபைக்கு உரிய ஆலயம். ஒன்றின் தலைமேல் ஒன்றாக இரண்டு ஆலயங்கள். பக்கத்திலேயே குருமார் தங்க மடம் கட்டினார்கள். அதன் இரண்டு மாடித் தாழ்வாரம் இன்றும் இருக்கிறது. நகர அருங்காட்சியகம் அதற்குள்தான் இயங்குகிறது.

1047இல் பொப்போ இறந்தபோது அவரையும் இங்கேயே அடக்கம் செய்தார்கள். வழிகாட்டியும் யாத்திரிகரும் ஒரே கூரையின்கீழ்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிழக்குக் கோபுரத்தை ஒட்டி அரைவட்டமான பலிபீட மாடம் ஒன்று எழுந்தது. ஊருக்குள் வரப் போக, அதன் பக்கத்தில் சிறிய வாசல் ஒன்று வைத்தார்கள். அதற்கும் சிமியோன் பெயர்தான். வாசலாகப் பிறந்தது ஆலயம் ஆகிவிட்டதால், வாசலுக்கு இன்னொரு வாசல் தேவைப்பட்டது.

படியேறி மேல் மாடிக்குப் போனேன். ரோமானியச் சுவரின் மேல் பதினெட்டாம் நூற்றாண்டுச் சிற்பங்கள். திருச்சபைப் பெரியவர்களின் உருவங்கள், பூவேலை, சுருள் சுருளான அலங்காரம். தனியே செய்து பதித்தவை அல்ல. மார்க்கஸ் அரேலியஸ் காலத்துக் கல்லிலேயே, ஒன்றரையாயிரம் ஆண்டு கழித்து இன்னொரு உளி செதுக்கியது. ஓர் ஆடை மடிப்பின் ஓரத்தில் விரலை வைத்தேன். மணற்கல், மெல்லச் சொரசொரக்கிறது. அதே சுவரில் இன்னொரு பக்கம் ரோமானியக் கல்தச்சர்களின் அடையாள எழுத்துகள் இருக்கின்றன. சில தலைகீழாக நிற்கின்றன. குவாரியிலேயே பொறித்துவிட்டு, ஏற்றி அடுக்கும்போது எது மேல் எது கீழ் என்று பாராமல் வைத்திருக்கிறார்கள். கூலிக் கணக்குக்காகப் பொறித்த இரண்டு மூன்று எழுத்து. அதன் சொந்தக்காரன் பேரரசனைவிட நெருக்கமாகத் தெரிகிறான் எனக்கு.

இந்த வாசலைக் கட்டியவர்கள் ரோமானியர்கள். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இது இன்று நிற்பதற்குக் காரணம், வேறு தேசத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, கல்லடி பட்டு, ஒரு சிறு அறைக்குள் இறந்துபோன அந்தத் துறவிதான். படைத்தவனைவிடக் காத்தவனுக்கே என் கும்பிடு.

* * *

இப்படி எழுநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடின.

தலைமுறை தலைமுறையாக ட்ரியர் மக்கள் இங்கே திருப்பலி கண்டார்கள். அவர்களுக்கு இது சிமியோன் கோயில். மேற்குப் பக்கம் ஓங்கிய மணிக்கூண்டு, கூரை, சிலுவை. வெளியிலிருந்து பார்ப்பவன் இதைக் கோட்டை வாசல் என்று சொல்லியிருக்க மாட்டான். கீழே மண்ணுக்குள் இரண்டு ரோமானிய வளைவுகள் மூச்சடக்கிக் கிடந்தன.

பிறகு ஒரு வெடிச்சத்தம், பாரிஸிலிருந்து.

1794 ஆகஸ்டில் பிரெஞ்சுப் புரட்சிப் படை ட்ரியருக்குள் நுழைந்தது. பேராயரின் ஆட்சி முடிந்தது. மோசெல் கரை பிரெஞ்சு மண் என்று ஆனது. மடங்களின் சொத்து அரசுக்கு என்றார்கள். 1802இல் சிமியோன் சபை கலைக்கப்பட்டது. மணி ஓய்ந்தது. குருமார் வெளியேறினார்கள்.

கட்டடத்தைக் காத்து நின்ற கவசம் ஒரே நாளில் கழன்றது. ஆலயம் இல்லை என்றால் இது மறுபடியும் என்ன? கல். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட, செதுக்கி முடித்த, விற்றால் விலை போகும் கல்.

1804 அக்டோபர். அந்த மே மாதம்தான் பிரெஞ்சுக்காரர்களின் பேரரசராக அறிவிக்கப்பட்டவர், முடிசூட்டு விழாவுக்கு இரண்டு மாதம் முன்னதாக, தம் எல்லைப்புற நகரங்களைப் பார்வையிட வந்தார். ட்ரியருக்கும் வந்தார்.

நெப்போலியன் போனபார்ட்.

அவர் முன்னால் நின்றது எழுநூற்று ஐம்பது ஆண்டுக்கு மேலான ஓர் ஆலயம். அதன் வயிற்றுக்குள் ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கு மேலான ஒரு வாசல். ஒன்றை முழுதாக வெளிக்கொண்டுவர மற்றொன்றை உடைத்தாக வேண்டும். இரண்டையும் உடைத்துக் கல்லாக விற்கவும் அவர் ஒரு சொல் சொன்னால் போதும்.

வாசலை விட்டு வெளியே வந்து கிழக்குப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். மணிக்கூண்டு இல்லை. படிக்கட்டு இல்லை. மண்மேடு இல்லை. ஆனால் அந்த அரைவட்டப் பலிபீட மாடம் மட்டும், ரோமானியக் கோபுரத்தோடு ஒட்டிக்கொண்டு, இன்றும் தனியே நிற்கிறது.

நெப்போலியன் என்ன உத்தரவு போட்டார்? இந்த ஒரு மாடம் மட்டும் எப்படித் தப்பியது?

(அடுத்த வாரம்)